ஆர்டி 350: முதலில் ஆட்டத்தை எடுங்கள், அப்புறம் பிரேக்கைத் தொடுங்கள்

பழைய ஆர்டி 350 பைக் வாங்கிய தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "முன்னாடி டிஸ்க் போட்டுடலாமாண்ணா?" என்பதுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. யமஹா 1973-இல் வெளியிட்ட ஆர்டி 350-இல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் தகட்டைப் பிடிக்கும்) பிரேக்தான். பத்து வருடம் கழித்து 1983-இல் எஸ்கார்ட்ஸ் அதையே ராஜ்தூத் 350 என்று இங்கே கொண்டுவந்தபோது டிஸ்க் போய், 7 அங்குல ட்ரம் (ஹப்புக்குள் விரிந்து பிடிக்கும் பிரேக்) வந்துவிட்டது. எஞ்சின் அதே 347 சிசி இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். முதலில் வந்த ஹெச்டி (ஹை டார்க்) மாடலில் 30.5 குதிரைத்திறன், பின்னால் வந்த எல்டி (லோ டார்க்) மாடலில் 27. அந்தக் காலத்தில் நம் ரோட்டில் ஓடிய மற்ற வண்டிகளோடு பார்த்தால் அது பெரிய வேகம். அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தும் வேலை மட்டும் கேபிளில் இழுக்கும் ஒரு ட்ரம்மிடம் போனது.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். டிஸ்க்கைப் பற்றி அப்புறம் பேசலாம், வண்டியில் எங்கெங்கே ஆட்டம் (பாகங்கள் தேய்ந்து தளர்ந்து அசைவது) இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

என்னிடம் இருப்பது 1986 எல்டி. கோவையில் இருப்பதால் வால்பாறை ரோடும் குன்னூர் ரோடும் பக்கம். இப்படிப்பட்ட வண்டிக்கு அந்த மலை ரோடுகளைவிட நல்ல சோதனைச்சாலை கிடையாது. என் கைக்கு வந்தபோது எஞ்சின் அருமையாக இருந்தது. ஓட்டத்தான் பயமாக இருந்தது. 70-இல் முன் பிரேக்கை அழுத்தினால் ஹேண்டில் இடப்பக்கம் இழுக்கும். 80-ஐத் தாண்டி ஒரு நீண்ட வளைவில் சாய்த்தால் பின்பக்கம் மெல்ல நெளியும், நாம் கை வைக்காமலே. பார்த்தவர்கள் எல்லாம் "ஆர்டி ஃபிரேமே அப்படித்தான்" என்றார்கள். அந்த ஃபிரேமைத் தொடாமலே அந்த நெளிவு போனது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

டயரில் தொடங்குங்கள். மற்ற எதைச் செய்தாலும் ரோட்டைத் தொடுவது அதுதான். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்று இருந்தால் 2016-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. பழைய வண்டிகளில் பட்டன் (டயரின் மேல் வெட்டு) முழுசாக இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும், ஏனென்றால் அந்த வண்டி ஓடியதைவிட நின்றதே அதிகம். நகத்தால் அழுத்திப் பாருங்கள், அமுங்கவில்லை என்றால் பட்டனைப் பார்த்து ஏமாற வேண்டாம், மாற்றிவிடுங்கள். கம்பெனி அளவு முன்னே 3.00-18, பின்னே 3.50-18. இன்றைய கணக்கில் முன்னே 90/90-18, பின்னே 100/90-18 போட்டால் சரியாக உட்காரும். அதற்கு மேல் அகல டயர் போடுவது பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஆர்டியின் ரிம் ஒடுக்கமானது. அதில் அகல டயரை ஏற்றினால் இரண்டு பக்கமும் உள்ளே நெரிந்து நடு மட்டும் தூக்கிக்கொள்ளும், வண்டி சாயவும் அடம்பிடிக்கும். ஸ்போக் வீல் என்பதால் ட்யூப் கட்டாயம், டயரோடு அதையும் புதிதாகப் போடுங்கள். தனியாக ஓட்டும்போது நான் முன்னே 25, பின்னே 28 பிஎஸ்ஐ வைக்கிறேன்.

டயர் போடக் கழற்றும்போதே வீலைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்போக்கையும் சின்ன ஸ்பேனரால் தட்டினால் 'டிங்' என்று கேட்க வேண்டும். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் அது தளர்ந்திருக்கிறது. தளர்ந்த ஸ்போக்கோடு எந்த பிரேக்கும் ஒழுங்காகப் பிடிக்காது. ஏன் என்று ட்ரம் வேலைக்கு வரும்போது சொல்கிறேன்.

அடுத்து கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பால் பேரிங். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கிவிடுங்கள். ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயின்) அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. பிறகு ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் 'டக்' என்று நின்றால், உள்ளே பால்ஸ் வருடக்கணக்காக ஒரே இடத்தில் இடித்துக் குழி போட்டுவிட்டது என்று அர்த்தம். வண்டி நேராகப் போகும்போது தானாக இடமும் வலமும் சின்னச் சின்னதாக அலைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இறுக்கினால் சரியாகும் என்று சிலர் நட்டை முறுக்குவார்கள். குழி போகாது, ஹேண்டில்தான் கனமாகும். நான் உதிரி பால்ஸை எடுத்துவிட்டு டேப்பர் ரோலர் பேரிங் போட்டேன். இந்த வண்டியில் செலவழித்த காசுக்குக் கிடைத்த பலனில் அதற்குத்தான் முதலிடம். இறுக்கும் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போது ஹேண்டிலை நடுவிலிருந்து விரலால் லேசாகத் தட்டினால், அது தன் எடையிலேயே பக்கவாட்டில் போய்ச் சாய வேண்டும். பாதியில் நின்றால் இறுக்கம் அதிகம்.

பின்பக்க நெளிவுக்கு வருவோம். இதைக் கண்டுபிடிக்கப் பலர் ஷாக்கப்சரைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார்கள். நீங்கள் பின்சக்கரத்தைக் கழற்றுங்கள், ஷாக்கப்சரின் கீழ் போல்ட்டையும் எடுங்கள். இப்போது ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைத் தாங்கும் கவட்டையின்) இரண்டு நுனியையும் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். என் வண்டியில் கையிலேயே தெரிந்தது. அதன் அச்சில் கம்பெனியில் போட்டு வந்த புஷ் (ஷாஃப்ட் சுழலும் உறை) பிளாஸ்டிக் வகை. இத்தனை வருடத்தில் அது தேய்ந்து நீள்வட்டமாகிவிடும். வளைவில் சாயும்போது எஞ்சின் சக்கரத்தை ஒரு பக்கம் இழுக்க, ஸ்விங் ஆர்ம் அந்த இடைவெளி அளவுக்குத் திரும்ப, ஓட்டுபவர் அதை நெளிவாக உணர்கிறார். லேத்தில் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் கடைந்து போட்டோம். இங்கே அவசரப்பட வேண்டாம். புஷ்ஷை அழுத்தி உட்கார வைத்த பிறகு உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும், அதனால் துளையை அளவாக்கும் ரீமரை இரண்டு புஷ்ஷுக்குள்ளும் ஒரே நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். தனித்தனியாக ஓட்டினால் ஷாஃப்ட் இறங்கும், ஆனால் பிடித்துக்கொள்ளும். கன்மெட்டலுக்கு கிரீஸ் வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுங்கள்.

இதோடு வீல் நேர்கோட்டையும் பார்த்துவிடுங்கள். செயின் அட்ஜஸ்டரில் இருக்கும் கோடுகளை நான் நம்புவதில்லை. கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல் பின்டயரின் இரண்டு பக்கமும் நூலைத் தொட்டு முன்னே கொண்டுபோனால், முன்டயருக்கு இரு பக்கமும் ஒரே அளவு இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் அட்ஜஸ்டரைத் திருகி வரவழையுங்கள்.

இவ்வளவும் முடிந்து ஓட்டியபோது பிரேக் இன்னும் அதே மோசமான பிரேக்தான். ஆனால் வண்டி 90-இல் நீண்ட வளைவில் கோடு போட்டதுபோல் போனது. பிரேக்கை அழுத்தும்போது வரும் இழுப்பு ட்ரம்மிலிருந்து வருகிறதா, வேறு எங்கிருந்தாவது வருகிறதா என்று பிரித்துப் பார்க்க அப்போதுதான் முடிந்தது. வேலையின் வரிசையை நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஃபோர்க் வேலை பெரிதில்லை. இரண்டு குழாய்களையும் கழற்றி லேத்தில் வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜ் (சின்னக் கோணலையும் காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள். என்றோ விழுந்த வண்டியில் மெல்லிய வளைவு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. குரோம் உரிந்து புள்ளி விழுந்திருந்தால் புது ஆயில் சீல் போட்டாலும் சீக்கிரமே கிழியும். ஸ்பிரிங் பழசாகி அமுங்கியிருக்கும். ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டு, நாம் உட்கார்ந்து இறங்கிப் பாருங்கள். மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமுங்கினால் மேலே ஒரு ஸ்பேசர் வைக்க வேண்டியதுதான். கெட்டியான பிவிசி குழாயை அளவாக அறுத்து, இரண்டு முனையிலும் வாஷர் கொடுத்து வைத்தேன். ஆயில் எஸ்ஏஇ 15, இரண்டு பக்கமும் அளந்து ஒரே அளவு. இதைவிடக் கெட்டி ஆயில் ஊற்றினால் பிரேக்கில் மூக்கு குத்துவது இன்னும் குறையும், ஆனால் மேடுபள்ளத்தில் டயர் ரோட்டை விட்டுத் துள்ளும். மலை ரோட்டு வளைவில் டயர் துள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஃபோர்க் சரியில்லாமல் பிரேக்கை மட்டும் கூர்மையாக்கினாலும் ஆபத்துதான். முன்பக்கம் அடிவரை குத்தி நின்றுவிட்டால், அடுத்து வரும் பள்ளத்துக்கு ஸ்பிரிங்கே மிச்சமிருக்காது.

இப்போது ட்ரம். இதைப் பற்றி நான் நாள் முழுக்கப் பேசுவேன், ஏனென்றால் இந்த ட்ரம்மை யாரும் ஒழுங்காகச் செட் செய்வதில்லை. செட் செய்யாமலே திட்டுகிறார்கள்.

இது ட்வின் லீடிங் ஷூ. ட்ரம்முக்குள் விரிந்து உரசி நிறுத்தும் வளைந்த கட்டைதான் ஷூ, அதன்மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனிங். சாதாரண ட்ரம்மில் ஷூக்களைத் தள்ளும் கேம் ஒன்றுதான், அது விரித்தால் ஒரு ஷூ சக்கரம் சுற்றும் திசையோடு போய் தானே இறுகும், மற்றது எதிர்த்துத் தள்ளப்படும். இதில் இரண்டு கேம். இரண்டு ஷூவும் சுற்றும் திசையோடு போய் இறுகும். கேபிள் ஒரு கேமின் ஆர்மை இழுக்க, ஒரு இணைப்புக் கம்பி அடுத்த ஆர்மை இழுக்கிறது. அந்தக் கம்பியின் நீளம் ஒரு சுற்று தவறினாலும் ஒரு ஷூ மட்டும் வேலை செய்யும், மற்றது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பாதி பிரேக்கோடு ஓட்டிக்கொண்டு "ஆர்டிக்கு பிரேக்கே இல்லை" என்கிறோம்.

கோவை கணபதி பகுதியில் எனக்கு லேத் வேலை செய்து கொடுத்த பெரியவர் வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "ட்ரம்மை மட்டும் தனியாக் கொண்டாந்தா நான் கடைய மாட்டனுங் தம்பி. ஸ்போக் போட்டு, இழுத்துக் கட்டி, கோட்டம் எடுத்துட்டு முழு வீலாக் கொண்டாங்க." காரணம் எளிது. முப்பத்து சொச்சம் ஸ்போக்கும் ஹப்பைப் பல திசையில் இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுப்பில் ட்ரம் மயிரிழை அளவு வட்டம் மாறும். தனியாகக் கடைந்து வட்டமாக்கிய ட்ரம்மில் அப்புறம் ஸ்போக் கட்டினால் வட்டம் மறுபடி கெடும். பிரேக் பிடிக்கும்போது லீவர் விரலைத் தட்டித் தட்டி வருவது அதனால்தான். 18 அங்குல ரிம்மோடு சுற்றும் அளவு பெரிய லேத் எல்லாக் கடையிலும் இருக்காது, தேடித்தான் போக வேண்டும். கோவையில் கிடைக்கும். கடையும்போதும் சுத்தமாகும்வரை மட்டும் லேசாக எடுக்கச் சொல்லுங்கள். விட்டத்தில் மொத்தமே 1 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, ட்ரம் மெலிந்தால் சூடு தாங்காது.

ட்ரம் பெரிதானதும் பழைய ஷூவின் வளைவு அதற்குப் பொருந்தாது. நடுவில் மட்டும் தொடும், இரண்டு முனையும் அந்தரத்தில் நிற்கும். ஆகவே கொஞ்சம் கனமான லைனிங் ஒட்டவைத்து, ஷூக்களை பிரேக் பிளேட்டிலேயே மாட்டி, கேமுக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்து லேசாக விரித்த நிலையில் ட்ரம்மின் அளவுக்குக் கடைய வேண்டும். பிறகு ட்ரம்முக்குள் சாக்பீஸை முழுக்கத் தேய்த்துவிட்டு வீலை மாட்டி, சுற்றிக்கொண்டே மெல்ல பிரேக் பிடித்துக் கழற்றிப் பாருங்கள். லைனிங்கில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. முதலில் எனக்குத் தெரிந்தது இரண்டு விரல் அகல வெள்ளைத் திட்டு. உப்புத்தாளால் அந்த மேட்டை மட்டும் தேய்த்து, மறுபடி மாட்டி, மறுபடி பார்த்து, முக்கால்வாசி வெள்ளையாகும்வரை பொறுமையாகச் செய்ய வேண்டும். முன்னே போகும் முனையை மட்டும் சற்றுச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். அது கூராக இருந்தால் ட்ரம்மைக் கவ்விக்கொண்டு சக்கரம் திடீரென்று பூட்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ட்ரம்மில் இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊத வேண்டாம், வாயாலும் ஊத வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். தேய்க்கும்போதும் முகக்கவசம் போடுங்கள்.

இணைப்புக் கம்பியைச் செட் செய்யும் முறை இது. கம்பியை ஒரு பக்கம் கழற்றிவிடுங்கள். முதல் ஆர்மைக் கையால் திருப்பி, ஷூ தொட்டுச் சக்கரம் நிற்கும் இடத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டாவது ஆர்மையும் அதேபோல் தொடும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது கம்பியின் நீளத்தைத் திருகித் திருகி, எந்த ஆர்மையும் அசைக்காமல் கம்பியை மாட்டும் பின் (ஊசி) தானாக உள்ளே இறங்கும்படி வையுங்கள். லாக் நட்டை இறுக்குங்கள். இனி இரண்டும் ஒன்றாகத் தொடும்.

அப்புறம் வீலை மாட்டும்போது ஒரு சின்ன வித்தை. ஆக்சில் நட்டை முழுசாக இறுக்கும் முன் பிரேக் லீவரைப் பலமாகப் பிடித்து, கயிற்றால் ஹேண்டிலோடு கட்டிவிடுங்கள். ஷூக்கள் ட்ரம்மை அழுத்தும்போது பிளேட் தானே நடுவுக்கு வந்து உட்காரும். அதே நிலையில் நட்டை இறுக்குங்கள். ஒரு காசு செலவில்லை, லீவரில் வித்தியாசம் அன்றே தெரியும்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். அவுட்டர் நைந்திருந்தால் நம் விரல் பலத்தில் பாதி அதை அமுக்கவே போய்விடும். நல்ல தடிமனான கேபிள் போட்டு, வளைவுகள் பெரிதாக இருக்கும்படி வழி கொடுங்கள். முழு பலத்தோடு பிடிக்கும்போது கேபிளும் ஆர்மும் செங்கோணத்தில் இருக்க வேண்டும், அங்கேதான் இழுவை அதிகம். லைனிங் தேய்ந்ததும் சில மெக்கானிக்குகள் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். செய்ய விடாதீர்கள். லைனிங் தேய்ந்துவிட்டது என்று ஆர்ம் சொல்லும் சேதியையே அது அழித்துவிடும்.

இவ்வளவு செய்த ட்ரம் எப்படி இருக்கிறது? இரண்டு விரலில் 60-லிருந்து முன்டயர் கீச்சிடும் அளவுக்குப் பிடிக்கிறது, நேராக நிற்கிறது. டிஸ்க்குக்கு இணை என்று சொல்ல மாட்டேன். தொடர்ந்து பிடித்தால் சூடேறி மங்கும், அது எந்த ட்ரம்முக்கும் உள்ள குணம்.

டிஸ்க் மாற்றுவது பற்றி. வேறு வண்டியின் ஃபோர்க், வீல், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் எல்லாவற்றையும் அப்படியே மாட்டுவதுதான் இங்கே வழக்கம். மாட்டிய வண்டிகள் சிலவற்றை ஓட்டியிருக்கிறேன். பிரேக் நன்றாக இருக்கிறது, வண்டி மாறிவிடுகிறது. ஃபோர்க் 2 சென்டிமீட்டர் குட்டையாக வந்தாலே முன்பக்கம் செங்குத்தாகி ஹேண்டில் படபடக்கத் தொடங்கும். லீவரில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரும் காலிப்பர் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் லீவர் கல்போல் இருக்கும், இல்லை பஞ்சுபோல் இருக்கும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. இந்த வயது வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆகவே மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் காசைச் செலவழியுங்கள். என் வண்டியில் ட்ரம்தான் இருக்கும்.

ட்ரம்மோடு மலை இறங்குவதற்கு என்று ஒரு பழக்கம் வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) மூடினால் எஞ்சின் பெரிதாகப் பிடிக்காது, வண்டி வழுக்கிக்கொண்டு போகும். அதற்காகக் குறைந்த கியரில் எஞ்சினைக் கதற விட்டு இறங்குவதும் நல்லதில்லை. பலர் ஆயில் பம்பை எடுத்துவிட்டுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுகிறார்கள். த்ராட்டில் மூடியிருந்தால் பெட்ரோல் பெரிதாகப் போகாது, எஞ்சினைத் தேயாமல் காக்கும் ஆயிலும் அதோடு குறைந்துவிடும், எஞ்சின் மட்டும் வேகமாகச் சுற்றும். பம்ப் இருக்கும் வண்டியிலும் மூடிய த்ராட்டிலில் வரும் ஆயில் மிகக் குறைவு. நான் இறங்கும்போது அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு தடவை த்ராட்டிலைத் திறந்து மூடுவேன். பிரேக்கை வளைவுக்கு முன் நேர் ரோட்டிலேயே அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விட்டுவிடுவேன். வழி நெடுக லேசாகத் தொட்டுக்கொண்டே வந்தால் ட்ரம் ஆற நேரமே கிடைக்காது.

ஏறும்போது இன்னொன்று. இரண்டு ஷூவும் முன்னோக்கிச் சுற்றும்போதுதான் இறுகும் என்றேன். பின்னோக்கி உருண்டால் இரண்டுமே எதிர்ப்பக்கம் தள்ளப்படும், பிடிப்பு பாதிகூட இருக்காது. கொண்டை ஊசியில் மேலிருந்து பஸ் வருகிறது என்று ஏற்றத்தில் நிறுத்தினால் பின் பிரேக்கில் காலை வையுங்கள். முன் பிரேக்கை மட்டும் நம்பி இரண்டு காலையும் தரையில் ஊன்றினால் வண்டி பின்னால் நழுவும்.

வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும் 40 வளைவில், கீழிருந்து எண்ணினால் ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூவில் நான் கட்டாயம் நிறுத்துவேன். பள்ளத்தாக்கைப் பார்க்க எல்லோரும் அங்கே நிற்பார்கள். நான் குனிந்து ஹப்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பேன். சூடு முகத்தில் அடித்தால் அது தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சிலர் பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றுவார்கள், நீங்கள் ஊற்றாதீர்கள். கடைந்து வட்டமாக்கிய ட்ரம் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று குளிர்ந்தால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம், மறுபடி லேத் தேடிப் போக வேண்டியிருக்கும்.